ஏழு சுற்று மை

இதை நம்பச் சொல்லி உங்களிடம் பேரம் பேசப் போவதில்லை. நான் வியாபாரி. எந்தச் சரக்கை எந்த வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினால் வாங்க வந்தவன் கண் விரியும் என்று எங்கள் அப்பா எனக்குப் பத்து வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டார். அந்த வித்தை எதையும் இதில் போடவில்லை. நடந்தது நடந்தபடி. தேதியும் மணியும் கடை நாட்காட்டிகளில் என் கையாலேயே குறித்து வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஒசாகாவில் கராஹோரி கடைத்தெருவில் காய்ந்த கடற்பாசி விற்கிறேன். குராமோச்சி குடும்பப் பெயர், தெய்ஜி என் பெயர். கடை கீழே, வீடு மாடியில். கல்லாவுக்கு அடியில் ஒரு டிராயர். அதற்குள் ஒரே ஒரு உறை. கறுப்பு வெள்ளை நூல் கட்டிய துக்க உறை. சாவு வீட்டுக்குப் போகும்போது பணம் வைத்துக் கொடுப்பது.

எட்டரை வருஷமாகக் காலையில் கடைக்குள் இறங்கியதும் எனக்கு முதல் வேலை அந்த உறைதான். வெளியே எடுப்பேன். அதில் எழுதியிருக்கும் பெயர்மேல் சுண்டுவிரலை வைப்பேன். விரலில் மை ஒட்டாது. அப்பாடா என்று திரும்ப உள்ளே வைப்பேன். அந்த மை காய்ந்திருக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லோரும் உயிரோடு இருப்போம். இது என் கணக்கு.

இன்று இன்னும் தொடவில்லை. இதை எழுதி முடித்துவிட்டுத் திறக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் ஒரு அவமானத்தில் ஆரம்பித்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மார்ச் மாதம். ஒரு பெரிய நூடுல்ஸ் கடைக்காரர் இறந்துபோனார். எங்களிடம் மூட்டை மூட்டையாகப் பாசி வாங்கியவர். துக்கத்துக்குப் போனேன். வாசல் மேஜையில் வருகைப் புத்தகம், பக்கத்தில் தூரிகை. எனக்குப் பின்னால் இருபது பேர் வரிசை. எழுதினேன். பின்னாலிருந்து எபினா எட்டிப் பார்த்தான். எதிர்க்கடைக்காரன். அவனும் பாசி வியாபாரிதான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நாக்கு மட்டும் என்னைவிட இருபது வயது மூத்தது.

"யோவ் தெய்ஜி, இது பேரா? இல்ல, நண்டு ஒண்ணு மையில விழுந்து எந்திரிச்சு வீட்டுக்கு நடந்து போச்சா?"

வரிசையில் நின்றவர்கள் கைக்குட்டைக்குள் சிரித்தார்கள். செத்தவரின் மகனே உதட்டைக் கடித்துக்கொண்டான். எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை எழுத்து வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஆக்டோபஸ் பணியாரக் கடை மாடியில் நிஷினா டீச்சர் நடத்தும் வகுப்பு. டீச்சருக்கு வயது இருபத்தொன்பது. எனக்கு நாற்பத்திரண்டு. கூட உட்கார்ந்தவர்களுக்கு ஏழு, எட்டு. என்னைக் கடற்பாசி மாமா என்று கூப்பிட்டார்கள். என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிக்கொண்டார்கள்.

"முதலாளி, தூரிகையப் பிடிங்க. மீனக் கழுத்துல பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க. அது ஓடிப்போகாது," என்பார் டீச்சர்.

மை அரைப்பதுதான் முதல் பாடம். மைக்கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர். மைக்கட்டியைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றவேண்டும். அமுக்கக் கூடாது. அரை மணி நேரம் சுற்றினால்தான் கறுப்பு இறங்கும். வகுப்பு முழுக்க அந்தச் சத்தம்தான். சர்... சர்... சர்... கற்பூரமும் புகைக்கரியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எனக்குப் பிடித்துப்போனது.

பிடிபடாதது ஒன்றுதான். வால். சில எழுத்துகளில் கடைசிக் கோட்டை வலப்பக்கம் சாய்த்து இழுத்துவந்து, அடியில் அழுத்தி, ஒரு மூச்சு நின்று, பிறகு மெல்லத் தூக்கிக் கூராக விடவேண்டும். அந்த நின்று தூக்குவதில்தான் சூட்சுமம். எனக்கு நிற்கவே வராது. டீச்சர் சிவப்பு மையில் என் கோட்டுக்குமேல் திருத்திக் காட்டுவார்.

"உங்களுது எலி வால் முதலாளி. புலி வால் கேட்டேன்."

எனக்கு வேண்டியது துக்க உறையில் பெயர் எழுதுவது. அதைக் கேட்டேன்.

"அதுக்கு அரை மணி நேரம் அரைக்கவேணாம். ஏழு சுத்து போதும்," என்றார்.

துக்க உறையில் கறுகறுவென்று எழுதினால் எங்கள் ஊரில் முகம் சுளிப்பார்கள். வெளுத்த சாம்பல் மையில்தான் எழுதவேண்டும். செய்தி கேட்டதும் ஓடிவந்தேன், மை அரைக்கக்கூட நேரமில்லை என்று அதற்கு அர்த்தம். ஏழு சுற்று. எண்ணி ஏழு. மழை மேகம் மாதிரி ஒரு மை வரும்.

மே மாதம் என் மனைவி சாயோ கர்ப்பம் என்று தெரிந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து. நான் தரையில் நடக்கவில்லை. அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது, கை நன்றாக ஓடியது. ஐந்து துக்க உறை இருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். ஏழு சுற்று அரைத்தேன். ஐந்திலும் என் பெயரை எழுதிக் காயவைத்து டிராயரில் அடுக்கிவிட்டேன். பழகின மாதிரியும் ஆச்சு, அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடின மாதிரியும் ஆச்சு. சரக்கை முன்கூட்டியே கட்டிவைப்பவன்தானே வியாபாரி?

அடுத்த சனிக்கிழமை டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன்.

டீச்சர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"எத்தனை எழுதினீங்க?"

"அஞ்சு."

"எரிச்சிடுங்க."

"ஏன் டீச்சர்? அவ்வளவு கேவலமாவா எழுதியிருப்பேன்?"

அவர் சிரிக்கவில்லை. "வெளுத்த மைக்கு என்ன அர்த்தம்? எனக்கு நேரம் கிடைக்கலைன்னு அர்த்தம். நீங்க சாவகாசமா எழுதிவெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. நீங்க ரெடி. அப்ப அவசரப்படவேண்டியது யாரு?"

நான் சிரித்தேன். பிரித்த பொட்டலத்தை எந்த வியாபாரி எரிப்பான்?

ஜூன் 11. காலை 6.10. ஷட்டரைத் தூக்கப் போனேன். கடைக்குள்ளிருந்து சத்தம்.

சர்... சர்... சர்...

நின்று கேட்டேன். ஏழு தடவை. பிறகு இல்லை. எலி என்று நினைத்தேன். என் மைக்கல் அலமாரியில், பையில், காய்ந்துபோய் இருந்தது. ஆனால் வாசனை அடித்தது. டிராயர் பக்கம். திறந்தேன். மேலே இருந்த உறையை நகர்த்தினபோது சுண்டுவிரல் பட்டது. விரல் நுனியில் சாம்பல் நிறம். எழுதிப் பத்து நாளுக்கு மேல் ஆன மை... ஈரமாக இருந்தது.

6.25க்கு போன் அடித்தது. பாசித் தரகர் யமகிஷி ஐயா காலமாகிவிட்டார். எண்பத்தெட்டு வயது. எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஆறு பத்துக்கு.

அந்த உறையையே எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி வைத்த பெண்மணி பெயரைப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்கே," என்றார். உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம்.

ஆகஸ்ட் 3. காலை 6.40. மறுபடியும் ஏழு. மறுபடியும் மேலே இருந்த உறை ஈரம். எங்கள் கடைக் கட்டடத்தின் உரிமையாளர். காலை நடைக்குப் போன இடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அறுபத்தொன்பது.

செப்டம்பர் 19. மதியம் 2.15. கடையில் நல்ல கூட்டம். ஒரு அம்மாள் சூப்புக்குப் பாசி வாங்க வந்திருந்தார். நான் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க கடையில எழுத்து வகுப்பு எடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லையேம்மா."

"யாரோ மை அரைக்கிறாங்களே."

எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று அதுவரை ஒரு ஆறுதல் இருந்தது. அதுவும் போனது. தராசில் என்ன நிறுத்தேன், எவ்வளவு கொடுத்தேன் என்று தெரியாது. அந்த அம்மாள் போனதும் டிராயரைத் திறந்தேன். ஈரம். அரை மணி நேரத்தில் செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் என்கூடப் படித்தவன். என் வயது.

எண்பத்தெட்டு. அறுபத்தொன்பது. நாற்பத்திரண்டு.

வயது இறங்கிக்கொண்டே வந்தது. மாடியில் சாயோவுக்கு ஏழாவது மாதம். இதற்குமேல் இறங்கினால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தோன்றிய அந்த நொடியில் கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு நிஷினா டீச்சரிடம் ஓடினேன்.

"எரிச்சீங்களா?" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்னால்.

"இல்ல."

"எத்தனை மிச்சம்?"

"ரெண்டு."

கீழே பணியாரக் குழியில் எண்ணெய் சீறும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் என்ன பண்ணட்டும் டீச்சர்?"

"தெரியாது முதலாளி. எனக்கு எழுதச் சொல்லித்தரத்தான் தெரியும்."

எரிக்கவேண்டும் என்று தினமும் நினைப்பேன். டிராயரில் கை வைத்தால் கை பின்வாங்கும். ஒரு மாதம் அப்படியே ஓடியது.

அக்டோபர் 27. காலை 11.05. தைரியத்தை வரவழைத்துக்கொண்டேன். இரண்டையும் சமையலறைக்கு எடுத்துப்போனேன். சாயோ மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். அடுப்பைப் பற்றவைத்தேன். முதல் உறையை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினேன்.

எரியவில்லை.

ஈர விறகு மாதிரி சீறியது. உஸ்ஸ்... விளிம்பு மட்டும் கருகியது. நடுவில் என் பெயர் மினுமினுத்தது. புதிதாக எழுதின மாதிரி. ஒரு சொட்டு மை வழிந்து அடுப்பில் விழுந்தது.

கீழே கடைக்குள்...

சர்... சர்... சர்...

ஏழு.

அப்புறம் தெருவில் கூச்சல். ஓடினேன். எபினா அவன் தராசுக்குப் பக்கத்தில் குப்புற விழுந்துகிடந்தான். இரண்டு மணி நேரம் முன்புதான் முப்பது கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான். "யோவ் நண்டு, வகுப்பு எப்படிப் போகுது?" அதுதான் அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

நான் நெருப்பைக் காட்டினதால் போனானா? போகப்போகிறான் என்பதால் எரியாமல் இருந்ததா? இன்றைக்கும் தெரியாது. விளிம்பு கருகிய அந்த உறையைத்தான் கொண்டுபோனேன். வேறு எதையும் எடுக்கத் துணிச்சல் இல்லை. அவன் மனைவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"உங்க எழுத்தப் பத்தியேதான் பேசிட்டிருப்பாரு. தெய்ஜி நல்லா வந்துட்டான், இனிமே கிண்டல் பண்ணவே முடியாதுன்னு."

அங்கே அழுதவர்களில் யார் கள்ளக் கண்ணீர் விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் விட்டது நல்ல கண்ணீர்.

மிச்சம் ஒன்று.

டிசம்பர் 5. சாயோவை முந்தின நாள் சாயங்காலம் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மதியத்துக்கு மேல்தான் ஆகும் என்றார் டாக்டர். சாயோவின் அம்மா கூட இருந்தார். கடை விடுமுறை என்று வாசலில் ஒரு தாள் ஒட்டிவிட்டு வருகிறேன் என்று காலையில் நான் மட்டும் வந்தேன்.

தாளை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சர்...

கை அப்படியே நின்றது.

சர்... சர்... சர்... சர்... சர்...

ஆறு. நிறுத்திடு, நிறுத்திடு என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சர்...

மணி பார்த்தேன். 7.42.

டிராயரைத் திறந்தேன். தொட்டுப் பார்க்கவே தேவையில்லை. உறையின்மேல் மை குளமாக நின்றது. அசைந்தது. காற்றே இல்லை... அது அசைந்தது.

போன் அடித்தது.

எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. ஒரு தடவை. இரண்டு. மூன்று தடவை அடித்தது. அந்த நேரத்தில் என் வியாபாரப் புத்திதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கொஞ்சம் யோசி என்றது. உறையில் இருப்பது கொடுப்பவன் பெயர். கொடுப்பவன் தெய்ஜி. தெய்ஜி வீட்டில் சாவு என்றால் தெய்ஜி வாங்கும் இடத்தில் நிற்பான். தனக்குத் தானே யாராவது உறை கொடுப்பானா? அப்படியானால் இது என் வீட்டுக்கு வந்தது இல்லை. யாருக்கோ. யாராகவோ இருக்கட்டும்.

யாராகவோ இருக்கட்டும் என்று நினைத்தேன். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

போனை எடுத்தேன். மாமியார்.

"மாப்பிள்ள, பொண்ணு. முந்திக்கிட்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"எத்தனை மணிக்கு அத்தை?"

"ஏழு நாப்பத்திரண்டு. ஏன், ஜாதகமா பாக்கப்போறீங்க?"

அன்றைக்கு யாரும் சாகவில்லை. மறுநாளும் இல்லை. தெரிந்தவர், தெரியாதவர், வாடிக்கையாளர், ஒருத்தரும் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் மணி பார்த்துக் குறித்துக்கொண்டுதான் எடுப்பேன். எடுத்தால் வாழ்த்துச் சொல்வார்கள். டிராயரில் உறை மட்டும் காயவே இல்லை. ஒரு நாள். இரண்டு நாள். ஐந்து நாள். தினமும் தொட்டேன். தினமும் விரல் சாம்பலானது.

ஆறாம் நாள் சாயோவும் குழந்தையும் வீட்டுக்கு வந்தார்கள். அன்று மதியம்தான் பெயரை முடிவு செய்தோம். அதுவரை நான்கு பெயர் வைத்துக்கொண்டு இழுபறி. சாயோ குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கனாதே," என்றாள். அந்த நான்கிலும் இல்லாத பெயர். எனக்கும் பிடித்திருந்தது. அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

ஏழாம் நாள் குழந்தையின் பெயரைத் தூரிகையால் எழுதித் தலைமாட்டில் மாட்டவேண்டும். யாரையும் கூப்பிடவில்லை. நானே எழுதினேன். அரை மணி நேரம் இல்லை, ஒன்றேகால் மணி நேரம் அரைத்தேன். கை மரத்துப்போகும் வரை. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. குராமோச்சி கனாதே. கனாதே எங்கள் எழுத்தில் ஒரே எழுத்து, அதன் கடைசிக் கோடு வால். எலி வால்தான் வந்தது. பரவாயில்லை. மாட்டினேன். சிவப்பரிசிச் சோறும் சுட்ட சங்கரா மீனும் சாப்பிட்டோம்.

மாலை 4.20க்குக் கீழே இறங்கினேன். டிராயரைத் திறந்தேன்.

உறை காய்ந்திருந்தது.

ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் வாசித்தேன்.

குராமோச்சி... வரை சரி.

தெய்ஜி இல்லை.

கனாதே.

வெளுத்த மையில். ஏழு நாள் வயதான என் மகளின் பெயர். என் கையெழுத்து இல்லை. என் எலி வால் எனக்குத் தெரியாதா? இது ஒரு குழந்தையின் கை. எட்டு, ஒன்பது வயதுக் குழந்தை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கவனமாக எழுதின எழுத்து. கோடுகள் கொஞ்சம் தடித்து, கொஞ்சம் நடுங்கி. கடைசி வால் மட்டும்...

அழுத்தி, நின்று, தூக்கி. புலி வால்.

அன்றைக்கு என் வியாபாரப் புத்தி எனக்குச் சொன்ன அதே கணக்கை அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே திருப்பிப் போட்டேன். உறையில் இருப்பது கொடுப்பவர் பெயர். ஒரு வீட்டிலிருந்து உறை போனால் பெரியவர் பெயரில் போகும். நான் இருந்தால் என் பெயர். நான் இல்லாவிட்டால் சாயோ பெயர்.

குழந்தை பெயரில் எப்போது போகும்?

எரிக்கலாம் என்பீர்கள். என் மகள் பெயர் எழுதின காகிதத்தில் நான் எப்படி நெருப்பு வைப்பேன்? எபினாவின் முகம் முன்னால் வந்து நிற்கிறது. கிழிக்கவும் கை வரவில்லை. திரும்ப டிராயரில் வைத்தேன். மைக்கல்லையும் தூரிகையையும் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். சாயோவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வருஷங்கள் நன்றாகத்தான் போயின. காலையில் தொடுவேன். காய்ந்திருக்கும். மழைக்காலத்தில்தான் உயிர் போகும். எல்லாமே நசநசவென்று இருக்கும். விரலை மூக்கில் வைத்து முகர்ந்து முகர்ந்து பார்ப்பேன். சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கனாதேவுக்கு ஆறு வயதானபோது சாயோ அவளை நிஷினா டீச்சரிடம் சேர்த்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள்.

"எதுக்கு இப்ப? நீச்சல் கத்துக்கட்டுமே," என்றேன்.

"என்னங்க பேசறீங்க? பரண்ல இருந்து உங்க மைக்கல்ல எடுத்துவெச்சுக்கிட்டு, இது யாருதுன்னு கேட்டு உயிர எடுக்கறா. நண்டுக்குப் பொறந்தது நண்டாவே இருக்கட்டுமா?"

முதல் தாள் கொண்டுவந்தாள். கிறுக்கல். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே. பெற்ற பிள்ளை கிறுக்கினதைப் பார்த்து ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்த அப்பன் ஒசாகாவிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் தூங்கினபிறகு அந்தத் தாளைக் கீழே கொண்டுபோய் உறைக்குப் பக்கத்தில் வைப்பேன். வேறு கை. முற்றிலும் வேறு கை. இன்னும் நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக ஏறிப்போய்ப் படுப்பேன்.

போன வருஷம், குடும்பப் பெயரின் முதல் எழுத்தான குராவில், கூரை மாதிரி இருக்கும் மேல்கோடு ஒத்துப்போனது.

புத்தாண்டுக்குப் பிறகு, இரண்டாம் எழுத்து மோச்சி.

ஏப்ரலில், கனாதேயின் மேல் மூன்று கோடு. அந்த நடுக்கம்கூட. நடுக்கம்கூட அதேதான்.

போன சனிக்கிழமை, ஜூன் மாதம், நல்ல மழை. மதியம் 12.10க்கு நனைந்துகொண்டு வந்தாள். தாளைக் கல்லாமேல் விரித்தாள். நீளமாக வெட்டின தாள். உறை அகலத்துக்கு. அதில் அவள் முழுப்பெயர்.

வெளுத்த மையில்.

"ஏன் கண்ணு, மை இப்படி இருக்கு?"

"அரைக்க நேரமில்லப்பா."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள். டிராயரைத் திறந்து உறையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். ஒன்றுதான். எல்லாம் ஒன்றுதான். கடைசி வால் தவிர. அவளுடையது எலி வால். அதன்மேல் டீச்சர் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்.

'இது ஒன்றுதான் பாக்கி. அடுத்த சனிக்கிழமை வந்துவிடும்.'

டீச்சருக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், வால் இப்ப வேணாம். கொஞ்ச நாள் போகட்டும்."

"என்ன முதலாளி, வாலில்லாம எழுத்து ஏது? அவளே விடமாட்டேங்கறா."

"வெளுத்த மை நீங்க சொல்லிக்கொடுத்தீங்களா?"

"நானா? குழந்தைங்களுக்கு எதுக்கு அது? நானே கேட்டேன், யாரு சொல்லித்தந்தான்னு. நீங்கதான் தினமும் காலையில கடையில அரைக்கிறீங்களாமே. ஏழு சுத்து. படுக்கையில இருந்தே எண்ணுவேன்னு சொன்னா."

நான் எட்டரை வருஷமாக மைக்கட்டியைத் தொடவில்லை.

எனக்கு எதுவும் கேட்டதும் இல்லை.

"தினமுமா டீச்சர்?"

"பொறந்ததிலிருந்தேன்னு சொன்னா. குழந்தைப் பேச்சு... முதலாளி? லைன்ல இருக்கீங்களா?"

நேற்று வெள்ளிக்கிழமை. மாலை 5.40. மழை விட்டிருந்தது. நான் பாசியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தேன். மாடியில் சத்தம்.

சர்... சர்...

கனாதே அரைக்கிறாள். வீட்டுப்பாடம். பயப்படாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எண்ணக்கூடாது என்று நினைத்தேன். எண்ணினேன்.

நான்கு. ஐந்து.

நிறையச் சுத்து கண்ணு. கறுப்பாக அரை.

ஆறு.

நிறுத்தாதே.

ஏழு.

...

எட்டு வரவில்லை.

தாளில் தூரிகை நகரும் சத்தம் கீழே கேட்காது. எனக்குக் கேட்டது. இழுத்தது. அழுத்தியது. நின்றது...

"அப்பா," என்று கூப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷமான குரல். "வந்து பாருங்கப்பா. வால் வந்துடுச்சு."

போனேன். பார்த்தேன். நல்லா இருக்குடி கண்ணு என்றேன். வேறு என்ன சொல்வேன்? தலையைத் தடவிக்கொடுத்தேன். பெருமையில் அவளுக்குக் கன்னமெல்லாம் மை.

இப்போது சனிக்கிழமை காலை. மணி 6.05. மாடியில் சாயோ குறட்டை விடுகிறாள். இருபது வருஷமாக நான் குறை சொன்ன குறட்டை. இன்னும் கொஞ்சம் சத்தமாக விட்டால் தேவலை. கனாதே விழித்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் எண்ணுவது கேட்கிறது. மெதுவாக, தனக்குள்ளேயே.

ஐந்து... ஆறு...

கடைக்குள் கற்பூரமும் கரியும் கலந்த வாசனை.

எழுதி முடித்துவிட்டேன். டிராயர் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பேரம் பேசமாட்டேன் என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஒரு ஐந்து நிமிஷம் மட்டும் கேட்டுப் பார்க்கிறேன்.

யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.